சேற்றில் நிற்கும் குழாய்கள் யாருடையவை?

கேள்வி: மாணவியரைப் பழவேற்காட்டுக்கு அழைத்துச் சென்றிருந்தேன். நீர் வடிந்த சேற்றுத்தரையில், கிளிஞ்சல் துண்டுகளும் தழைத் துணுக்குகளும் ஒட்டிய விரல் நீளக் குழாய்கள், நாற்று நட்டாற்போல் நின்றன. படகோட்டி ‘புழுக்கூடு அம்மா’ என்றார். மாமல்லபுரத்து மணலில் இவற்றை நான் கண்டதே இல்லை. ஒரே கடற்கரையில் ஏன் இந்த வேறுபாடு? நம் பாலாறு கடலில் சேரும் இடத்தில் இவை வாழுமா? (பள்ளி ஆசிரியை, குடியாத்தம்)

பதில்: படகோட்டி சரியாகவே சொல்லியிருக்கிறார். நீங்கள் விவரிப்பது பெரும்பாலும் டையோபட்ரா என்னும் புழுவின் வீடாக இருக்க வேண்டும். அது தன் உடலில் சுரக்கும் பசையால் தோல் போன்ற உறையொன்றை அமைத்து, வெளியே நீண்டிருக்கும் நுனியில் மட்டும் கையருகே கிடைக்கும் கிளிஞ்சலையும் தழையையும் ஒட்டிக்கொள்கிறது. உங்கள் கண்ணில் பட்டது விரல் நீளம்தான். சேற்றுக்குள் குழாய் அதைப் போலப் பல மடங்கு இறங்கியிருக்கும்.

இது உங்கள் தோட்டத்து மண்புழுவுக்கு உறவு; இரண்டும் வளைதசைப் புழுக்களே. மண்புழுவின் உடல் வளையங்களில் நுண்ணிய முட்கள் சிலவே உண்டு. டையோபட்ரா அடங்கிய, கடலில் வாழும் பாலிகீட்டா வகுப்பினருக்கோ வளையந்தோறும் இருபுறமும் துடுப்பு போன்ற பக்கக்கால்களும், அவற்றில் கற்றை கற்றையாக முட்களும் உண்டு. ‘பல முட்கள் உடையவை’ என்பதே அப்பெயரின் பொருள். உலகில் இவ்வகுப்பில் 10,000க்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன.

எந்த இனம் எங்கே குடியேறும் என்பதைத் தரையும் அலையும் நீரின் உப்பும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. மாமல்லபுரத்தின் திறந்த கரையில் அலை ஓயாமல் மணலைப் புரட்டுவதால், இத்தகைய நெடுங்குழாயை நிறுத்தி வைக்க வழியில்லை. அங்கே மணலுக்குள் விரைந்து புதையும் சிறு புழுக்களே பிழைக்கும். பாறையில் வாழும் செர்ப்புலா குடும்பத்தினர் சுண்ணாம்புக் குழாய்களைப் பாறையோடு பூசினாற்போல் கட்டிக்கொள்கின்றனர். மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளிலோ, இதே குடும்பத்தைச் சேர்ந்த ஒருவகைப் புழு சுண்ணாம்பினுள் பதிந்து வாழ்ந்து, வண்ண விசிறிகளை மட்டும் வெளியே விரிக்கிறது. நிழல் பட்டால் போதும், விசிறி உள்ளே மறைந்துவிடும். பாம்பனை அடுத்த குருசடைத் தீவின் மணலில் பலனோகுளோசஸ் என்ற மென்மையான உயிர் வாழ்கிறது. பார்வைக்குப் புழுதான், ஆனால் வளைதசைப் புழு அன்று. வளைதசைப் புழுக்களைவிட முதுகெலும்பிகளுக்கே அது நெருங்கியது. மாணவியரிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

பாலாற்றைப் பற்றிக் கேட்டீர்கள். கல்பாக்கத்துக்குத் தெற்கே, வயலூர் அருகே அது கடலில் சேர்கிறது. வேலூர்க்காரர்களாகிய நாம் மணலாகவே பார்த்துப் பழகிய ஆறு, 2021 நவம்பரில் கரைபுரண்டு ஓடியதே, அப்படிப்பட்ட வெள்ளம் கழிமுகத்தை அடையும்போது உப்பு சட்டென்று குறைகிறது; அதைத் தாங்காத புழுக்கள் மடிகின்றன, நெரிஸ் குடும்பத்தின் சில இனங்கள் போன்றவை தாக்குப்பிடிக்கின்றன. மழைக்காலம் முடிந்து உப்பு ஏறியதும், கடலில் மிதந்து வரும் இளம்புழுக்கள் மீண்டும் தரையில் குடியேறுகின்றன. ஆகவே வயலூரில் நீங்கள் காண்பது, எந்த மாதத்தில் செல்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கோடையில், நீர் வடியும் நேரத்தில், அலை புகாத சேற்றோரமாகத் தேடிப் பாருங்கள். கழிவுநீர் தேங்கிய சேறாயின் இனங்கள் குறைந்து, காப்பிடெல்லா என்னும் சிறு சிவப்புப் புழு மட்டும் பெருங்கூட்டமாக இருக்கலாம். கரிமக் கழிவு மிகுந்ததற்கு அதை அடையாளமாகக் கொள்வது ஆய்வாளர் வழக்கம்.

கேள்வி: மரப்படகைத் துளைக்கும் கப்பற்புழுவும் இவ்வகையைச் சேர்ந்ததா? (வாசகர், ராணிப்பேட்டை)

பதில்: இல்லை. அது சிப்பி இனம். நீண்ட உடலைப் பார்த்துப் பெயர் வைத்துவிட்டார்கள். அதன் முன்முனையில் உள்ள இரு சிறு ஓடுகள்தாம் அரம்போல் மரத்தை அராவுகின்றன.