பூப்பெய்திய மகள் நீச்சல் பயிற்சிக்குச் செல்லலாமா?

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. சிறு வயதிலிருந்தே நீச்சல் பயிற்சி பெறுகிறாள். சென்ற மாதம் பூப்பெய்தினாள். உதிரப்போக்கு பத்து நாள் நீடித்தது. இரவில் எழுந்து நாப்கினை மாற்றியும் படுக்கை நனைந்தது. எனக்கும் அந்த வயதில் அப்படித்தான் இருந்தது என்பதால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பயிற்சியில் இப்போது விரைவாகக் களைத்துவிடுகிறாள். சோம்பல் என்று நினைக்கிறேன். அடுத்த மாதம் அவளுக்கு ஒரு போட்டி இருக்கிறது. மாதவிடாய் நாளில் தண்ணீரில் இறங்கினால் கருப்பைக்குள் கிருமி சென்றுவிடுமா? இரத்தம் உள்ளேயே கட்டிக்கொள்ளுமா? உடலுக்குள் வைத்து உதிரத்தை உறிஞ்சும் டாம்பானை வைத்துக்கொள்ளலாம் என்று பயிற்சியாளர் சொல்கிறார். அது கன்னிச்சவ்வைக் கிழித்துவிடும் என்றும், உயிருக்கே ஆபத்து என்றும் இணையத்தில் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரை என்னிடம் இருக்கிறது. அதைக் கொடுத்துவிடலாமா?

பதில்: நீங்கள் கேள்வியாக எழுதியவற்றில் எதுவும் எனக்குக் கவலை தரவில்லை. போகிற போக்கில் எழுதியிருக்கும் செய்திகளே கவலை தருகின்றன. உதிரப்போக்கு பத்து நாள் நீடித்திருக்கிறது, படுக்கை நனைந்திருக்கிறது, தண்ணீரில் சளைக்காமல் நீந்திய பெண் இப்போது களைத்துவிடுகிறாள். ஆகவே போட்டியைப் பற்றியும் டாம்பானைப் பற்றியும் பேசுவதற்கு முன், இந்த வாரத்திற்குள் அவளை ஒரு மருத்துவரிடம் அழைத்துச் சென்று இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

மாதவிடாய் தொடங்கிய முதல் ஓரிரு ஆண்டுகளில் அது ஒழுங்கற்றுத்தான் வரும். அந்த வயதில் 21 நாளுக்கு ஒருமுறை வந்தாலும், 45 நாள் கழித்து வந்தாலும் இயல்பே. ஆனால் நாள் கணக்கு முன்பின்னாக இருப்பது வேறு, போகும் இரத்தத்தின் அளவு மிகுதியாக இருப்பது வேறு. ஒரு மாதவிடாயில் வழக்கமாக வெளியேறும் இரத்தம் 30 முதல் 40 மில்லிலிட்டர்தான். 80 மில்லிலிட்டரைத் தாண்டினால் அதை மிகை உதிரப்போக்கு என்கிறோம். வீட்டில் யாரும் இதை அளந்து பார்க்க முடியாது என்பதால் நாங்கள் வேறு அடையாளங்களைக் கேட்கிறோம்: ஏழு நாளுக்கு மேல் நீடிக்கிறதா, ஒன்று இரண்டு மணி நேரத்திற்குள் நாப்கின் முழுவதும் நனைந்துவிடுகிறதா, இரவில் எழுந்து மாற்ற வேண்டியிருக்கிறதா, இரண்டரை சென்டிமீட்டரை விடப் பெரிய இரத்தக் கட்டிகள் வெளியேறுகின்றனவா? இவற்றில் இரண்டுக்கு நீங்கள் கேட்கப்படாமலேயே ஆம் என்று பதில் எழுதியிருக்கிறீர்கள். வளரும் பெண்ணின் மாதவிடாயை, நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் போலவே, உடல்நலத்தின் அடிப்படை அறிகுறிகளில் ஒன்றாகக் கருதிக் கேட்டறிய வேண்டும் என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் அமைப்பும் குழந்தை மருத்துவர்களின் அமைப்பும் 2006-இல் சேர்ந்து வலியுறுத்தின. பெரும்பாலான வீடுகளில் இன்னும் அந்தப் பேச்சு ‘வந்ததா, வரவில்லையா’ என்பதோடு நின்றுவிடுகிறது.

இத்தகைய மிகை உதிரப்போக்குக்குப் பெரும்பாலும் காரணம் எளியதுதான். பூப்பெய்திய புதிதில் சினைப்பை மாதந்தோறும் கருமுட்டையை வெளியிடப் பழகியிருக்காது. முட்டை வெளியேறினால்தான் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் போதிய அளவில் சுரக்கும். அது இல்லாதபோது ஈஸ்டிரோஜன் என்ற மற்றொரு ஹார்மோனின் தூண்டுதலால் கருப்பையின் உட்சுவர் தடித்துக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் ஒழுங்கில்லாமல் பகுதி பகுதியாக உதிர்கிறது. காலப்போக்கில் இது தானாகவே சீராகும். ஆனாலும் அது சீராகும்வரை உடல் இழக்கும் இரும்புச்சத்தை யாராவது ஈடுசெய்தாக வேண்டும்.

நான் தவறவிட விரும்பாத காரணம் இன்னொன்று உண்டு. ‘எனக்கும் அந்த வயதில் அப்படித்தான் இருந்தது’ என்று நீங்கள் ஆறுதலாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு மருத்துவருக்கு அது ஆறுதல் அன்று, தடயம். இரத்தம் உறைவதில் உள்ள குறைபாடுகள் சில பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வருகின்றன. அவற்றில் மிகப் பரவலானது வான் வில்லிபிராண்ட் நோய். ஹீமோபிலியா என்ற இன்னொரு உறைதல் குறைபாட்டைப் போல் பெரும்பாலும் ஆண்களிடம் மட்டும் வெளிப்படாமல், இது ஆண், பெண் இருபாலருக்கும் வரக்கூடியது. பல பெண்களிடம் முதன்முதலில் தலைகாட்டுவதே பூப்பெய்தியபோதுதான். தாய்க்கும் மிகுதியாகப் போயிருக்கும், பாட்டிக்கும் போயிருக்கும், அதனால் அந்தக் குடும்பத்தில் அதுவே இயல்பு என்றாகி, யாரும் பரிசோதனைக்கே போயிருக்க மாட்டார்கள். ஃபின்லாந்து மருத்துவர் எரிக் வான் வில்லிபிராண்ட் 1926-இல் இந்நோயை முதன்முதலாக விவரித்து எழுதியபோது, அவர் ஆராய்ந்தது பால்டிக் கடலின் ஆலந்து தீவுகளைச் சேர்ந்த ஒரு சிறுமியையும் அவளுடைய குடும்பத்தையும். அந்தப் பெண் பின்னாளில், தன் நான்காவது மாதவிடாயில் இரத்தம் நிற்காமல் உயிரிழந்தாள். அவளுக்கு இருந்தது இந்நோயின் மிகக் கடுமையான வகை. இன்று நாங்கள் பார்ப்பதில் பெரும்பாலானவை மிதமானவை, எல்லா வகைக்கும் சிகிச்சையும் இருக்கிறது. உங்களை அச்சுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. பூப்பெய்திய வயதில் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டால், பின்னாளில் பல் பிடுங்கும்போதோ அறுவை சிகிச்சையின்போதோ பிள்ளைப்பேற்றின்போதோ எதிர்பாராமல் இரத்தம் பெருகுவதைத் தடுக்கலாம் என்பதற்காகவே எழுதுகிறேன்.

ஆகவே மருத்துவரிடம் செல்லும்போது, உங்களுக்குப் பிரசவத்தில் அதிக இரத்தம் போனதா, பல் பிடுங்கிய பின் நெடுநேரம் கசிந்ததா, மகளுக்கு அடிக்கடி மூக்கில் இரத்தம் வருமா, இலேசாக இடித்துக்கொண்டாலும் கன்றிப்போகுமா என்பதையெல்லாம் நினைவுபடுத்திச் சொல்லுங்கள். முழு இரத்த அணுக்கள் எண்ணிக்கையோடு ஃபெரிட்டின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். 12 வயதுப் பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை. ஆனால் ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் வற்றிப்போயிருக்கக்கூடும். நீங்கள் சோம்பல் என்று எண்ணும் களைப்புக்கு அதுவே காரணமாக இருக்கலாம் என்பதால், முடிவு தெரியும்வரை அவளைக் கடிந்துகொள்ளாதீர்கள். இரத்தம் உறைய உதவும் புரதமான வான் வில்லிபிராண்ட் காரணிக்கான பரிசோதனை தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். மன அழுத்தமும் வேறு நோய்களும் அந்தக் காரணியின் அளவைத் தற்காலிகமாக உயர்த்திவிடும் என்பதால், ஒருமுறை இயல்பாக வந்தாலும் மறுபடி எடுக்கச் சொல்வதுண்டு. இவை முடியும்வரை வயிற்றுவலிக்குப் பாராசிட்டமால் மட்டும் கொடுங்கள். மெஃபனமிக் அமிலமும் ஐபுப்ரோஃபெனும் இரத்தத் தட்டணுக்களின் வேலையைக் குறைப்பவை என்பதால் வேண்டாம். ஆஸ்பிரினைக் குழந்தைகளுக்கு எப்போதுமே நீங்களாகக் கொடுக்கக் கூடாது.

இனி தண்ணீர். குளத்து நீர் கருப்பைக்குள் ஏறுவதில்லை; இரத்தம் உள்ளே கட்டிக்கொள்வதும் இல்லை. தண்ணீருக்குள் இருக்கும்போது அதன் அழுத்தத்தால் வெளியேறும் அளவு சற்றுக் குறைகிறது. கரையேறி நின்றதும் பழையபடி வருகிறது. அதற்கு மேல் அதில் மறைபொருள் எதுவும் இல்லை. குளோரின் சேர்த்துப் பராமரிக்கப்படும் குளத்தில் ஓரிரு துளி கலப்பதால் பிறருக்கும் கேடில்லை. நீந்துவது பல பெண்களுக்கு வயிற்றுவலியைத் தணிக்கவும் செய்கிறது.

உங்கள் தூக்கத்தைக் கெடுத்தது டாம்பான்தான் என்று கடிதத்திலிருந்தே தெரிகிறது. கன்னிச்சவ்வு என்பது வாசலை அடைத்து நிற்கும் கதவு அன்று. மாதவிடாய் இரத்தம் வெளியே வருகிறது என்பதே அதில் திறப்பு இருப்பதற்குச் சான்று. அது நெகிழ்ந்து கொடுக்கும் மெல்லிய சவ்வு விளிம்பு. ஒவ்வொரு பெண்ணுக்கும் அதன் வடிவம் ஒவ்வொரு விதம். சிறிய டாம்பான் பெரும்பாலும் அந்தத் திறப்பின் வழியாகவே சென்றுவிடும். இலேசாக விரிந்தாலும் சிறிது கிழிந்தாலும் உடலுக்கு ஒரு தீங்கும் இல்லை. ஒரு பெண் உடலுறவு கொண்டிருக்கிறாளா இல்லையா என்பதைக் கன்னிச்சவ்வைப் பார்த்து எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. உலக சுகாதார நிறுவனமும் ஐக்கிய நாடுகள் அமைப்பின் பிற பிரிவுகளும் 2018-இல், அத்தகைய சோதனைகளுக்கு மருத்துவ அடிப்படை எதுவும் இல்லை, அவை நிறுத்தப்பட வேண்டும் என்று வெளிப்படையாக அறிவித்தன.

உயிருக்கு ஆபத்து என்று நீங்கள் படித்தது நச்சு அதிர்ச்சி நோய்க்குறியைப் பற்றியதாக இருக்க வேண்டும். அது உண்மையான நோய்தான். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா வெளியிடும் நச்சால் வருவது. 1980-இல் அமெரிக்காவில் பல பெண்கள் அதனால் பாதிக்கப்பட்டார்கள். அளவுக்கு மிஞ்சி உறிஞ்சும் வகை டாம்பான்களை நெடுநேரம் உள்ளே வைத்திருந்தது அதற்கு முக்கியக் காரணமாக இருந்தது. அதன் பிறகு அது மிக அரிதாகிவிட்டது. உங்கள் மகள் மிகக் குறைவாக உறிஞ்சும் சிறிய வகையை, நீந்துவதற்குச் சற்று முன் கைகழுவி வைத்துக்கொண்டு, கரையேறியதும் எடுத்துவிட்டு நாப்கினுக்கு மாறினால், அந்த ஆபத்து ஏறத்தாழ இல்லை என்றே சொல்லலாம். எந்த நிலையிலும் எட்டு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. இரவுத் தூக்கத்துக்கு வேண்டவே வேண்டாம். டாம்பான் வைத்திருக்கும் வேளையில் திடீரென்று கடுங்காய்ச்சலும், வாந்தியும், வெயிலில் காய்ந்தது போன்ற தோல் சிவப்பும், தலைச்சுற்றலும் வந்தால் உடனே அதை எடுத்துவிட்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். இதை அவளுக்கும் சொல்லி வையுங்கள்.

போட்டியன்று முதன்முதலாக முயலாமல், உதிரப்போக்கு இருக்கும் ஒரு நாளில் வீட்டிலேயே, அவசரமில்லாமல் அவளே முயன்று பார்க்கட்டும். நேர் மேலாகத் தள்ளாமல் இடுப்பின் பின்புறத்தை நோக்கிச் சாய்வாகச் செலுத்த வேண்டும். சரியாகப் பொருந்தினால் உள்ளே இருப்பதே தெரியாது. உள்ளே செல்லவே மறுத்தாலோ, சென்றது வெளியே வராமல் சிக்கினாலோ வலிந்து முயல வேண்டாம்; சில பெண்களுக்குக் கன்னிச்சவ்வின் திறப்புக்குக் குறுக்கே ஒரு சவ்வுப் பட்டை இருக்கும், அதைச் சிறிய அறுவை சிகிச்சையில் நீக்கிவிடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அவளுக்கு விருப்பமில்லை என்றால் நீங்களும் பயிற்சியாளரும் வற்புறுத்தக் கூடாது. மாதவிடாய்க்கென்றே உள்ளுறை வைத்துத் தைத்த நீச்சலுடைகள் இருக்கின்றன. குறைவாகப் போகும் நாட்களுக்கு அவை போதும், மிகுதியாகப் போகும் நாட்களில் ஈடுகொடுக்காது. சாதாரண நாப்கினை நீச்சலுடைக்குள் வைப்பது பயனற்றது. அது குளத்து நீரை உறிஞ்சி ஊதிப்போகும். முதல் ஆண்டில் எந்த நாளில் வரும் என்று கணிக்க முடியாததால், அடர்நிற உடையும் மாற்றுத்துணியும் நாப்கினும் அவளுடைய பையில் எப்போதும் இருக்கட்டும்.

மாத்திரையைக் கொடுக்காதீர்கள். இதில் எனக்குப் பொறுமை குறைவு என்பதை மறைக்கவில்லை. பொதுவாக இதற்குக் கொடுக்கப்படும் நோரெத்திஸ்டிரோன் என்ற ஹார்மோன் மாத்திரையை, எதிர்பார்க்கும் தேதிக்கு மூன்று நாள் முன்பே தொடங்க வேண்டும். ஒருமுறை மட்டுமே மாதவிடாய் வந்த பெண்ணுக்கு எதிர்பார்க்கும் தேதி என்று ஒன்று ஏது? நிறுத்திய சில நாட்களில் இரத்தம் வந்தே தீரும். அதுவும் போட்டியன்றே, முன்னிலும் மிகுதியாக வரக்கூடும். இதே ஹார்மோனை இந்த வயதுப் பெண்களுக்கு நாங்களும் கொடுப்பதுண்டு. ஆனால் இரத்தத்தைப் பரிசோதித்து, அளவைக் கணக்கிட்டு, இரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தக் கொடுக்கிறோம். வேறொருவருக்கு எழுதிக்கொடுத்த மாத்திரையை 12 வயதுப் பிள்ளைக்கு எடுத்துக் கொடுப்பது மருத்துவம் ஆகாது.

பரிசோதனை முடிவு வரும்வரை கடும் பயிற்சியை நிறுத்திவையுங்கள். மாதவிடாய் வந்தவள் என்பதற்காக அன்று, இரத்தசோகையோடு தண்ணீரில் மயங்கினால் ஆபத்து என்பதற்காக. அளவுகள் சரியாக இருந்தால், மாதவிடாய் நாளானாலும் அவள் போட்டியில் நீந்தலாம். குறைந்திருந்தால் இந்தப் போட்டியை விட்டுவிட்டு, மருத்துவர் சொல்லும் இரும்பு மாத்திரையைத் தொடங்குங்கள். ஹீமோகுளோபின் இயல்புக்கு வந்த பிறகும் சேமிப்பு நிரம்புவதற்காக ஏறத்தாழ மூன்று மாதம் அதைத் தொடர வேண்டியிருக்கும். அடுத்த மாதவிடாயில், மணிக்கு ஒரு நாப்கின் வீதம் இரண்டு மணி நேரத்திற்கு மேல் நனைந்தாலோ, எழுந்து நிற்கும்போது கண் இருண்டாலோ, உதடும் உள்ளங்கையும் வெளுத்து நெஞ்சு படபடத்தாலோ, அது நள்ளிரவானாலும் விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.