கம்பியும் காந்தமும்: வாசகர் கேள்வி, ஐ.டி.ஐ. வாத்தியார் பதில்

கேள்வி: பி.வி.சி. குழாய்த் துண்டில் செம்புக் கம்பியை 200 சுற்று சுற்றி, உள்ளே நியோடிமியம் காந்தம் ஒன்றை வைத்தேன். டிஜிட்டல் மல்டிமீட்டரில் பூஜ்யம்தான் வருகிறது. காந்தத்தை வேகமாக நுழைத்துப் பார்த்தும் எண் ஒழுங்காக வரவில்லை. எங்கே தவறு?
(பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, தர்மபுரி)

சுற்றியதில் தவறு எதுவும் இல்லை அம்மா. காந்தம் உள்ளே அசையாமல் கிடக்கும்போது மீட்டர் பூஜ்யம் காட்டுவதுதான் சரி. எத்தனை பலமான காந்தமானாலும் அப்படித்தான். காயிலுக்குள் போகிற காந்தப் பாயம், அதாவது அதைக் கடந்து செல்லும் காந்தப் புலத்தின் மொத்த அளவு, கூடும்போதோ குறையும்போதோதான் கம்பியில் மின்னியக்கு விசை என்கிற வோல்டேஜ் பிறக்கும். எவ்வளவு வேகமாக மாறுகிறதோ அவ்வளவு வோல்ட். இந்த மாதம் வந்திருக்கிற கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த ஒரு வரியில்தான் விடை இருக்கிறது.

வேகமாக நுழைத்தும் எண் வராததற்குக் காரணம் உன் மீட்டர். சாதாரண டிஜிட்டல் மீட்டர் வினாடிக்கு இரண்டு மூன்று தடவைதான் அளந்து காட்டும். காந்தம் காயிலைக் கடப்பதோ கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுகிறது. ரேடியோ ரிப்பேர் கடைகளில் முள் வைத்த பழைய மல்டிமீட்டர் இருக்கும், ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கு. மைக்ரோ ஆம்பியர் அளவில் வைத்துவிட்டுக் காந்தத்தை நுழை. முள் துள்ளிவிட்டுத் திரும்பும். வெளியே இழுத்தால் பூஜ்யத்துக்குக் கீழே போய் முட்டும். மீட்டர் ஒயர்களை மாற்றிப் போட்டால் இந்த இரண்டும் இடம் மாறுவதைப் பார்க்கலாம்.

முள்ளைத் தவறவிட்டவர்களில் நீ முதல் ஆள் இல்லை. 1825இல் ஜெனீவாவில் கொலாடோன் என்கிற விஞ்ஞானி இதே சோதனையைச் செய்தார். பெரிய காந்தம் பக்கத்தில் இருந்தால் கால்வனாமீட்டர் என்கிற மின்சாரம் காட்டும் கருவியின் ஊசியை அதுவே இழுத்துவிடும் என்று, நீளமாக ஒயர் இழுத்து மீட்டரை வேறு அறையில் வைத்தார். காந்தத்தைக் காயிலுக்குள் நுழைத்துவிட்டு, நடந்துபோய் மீட்டரைப் பார்த்தார். அவர் போய்ச் சேர்வதற்குள் ஊசி துள்ளி முடித்துப் பழைய இடத்தில் நின்றிருந்தது. ஊசியைக் கவனிக்க ஓர் உதவியாளரை அங்கே உட்கார வைத்திருந்தால் மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்தவர் என்று அவர் பெயரைத்தான் நாம் படித்துக்கொண்டிருப்போம்.

ஆறு வருடம் கழித்து, 1831 ஆகஸ்ட் 29 அன்று, லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் மைக்கேல் ஃபாரடேவுக்கு அது கிடைத்தது. கொல்லர் வீட்டுப் பிள்ளை. பள்ளிப்படிப்பு கொஞ்சம்தான், புத்தக பைண்டிங் தொழில் பழகியவர். ஏறக்குறைய 6 அங்குல விட்டத்தில் ஓர் இரும்பு வளையம் செய்து, அதன் இரண்டு பக்கமும் தனித்தனியாகக் காயில் சுற்றினார். எனாமல் பூசிய வைண்டிங் கம்பியெல்லாம் அன்று ஏது? சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே நூல்கயிறு, அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே துணி என்று கையாலேயே இன்சுலேஷன் கொடுத்தார். பிள்ளைகளுக்கு வைண்டிங் சொல்லிக்கொடுத்தே காலம் கழித்தவன் நான். அந்த வளையத்தின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்த விரல்களின் பொறுமைதான் எனக்கு முதலில் தெரியும். நம் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மருக்கெல்லாம் அதுதான் மூத்தது.

ஒரு பக்கக் காயிலை பேட்டரியில் இணைத்ததும், 3 அடி தள்ளி இன்னொரு காயிலின் கம்பிக்குக் கீழே இருந்த காந்த ஊசி ஆடியது. ஆடிவிட்டு நின்றுவிட்டது. பேட்டரியிலிருந்து மின்சாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஊசி மட்டும் அசையவில்லை. இணைப்பை எடுத்தபோது மறுபடியும் ஆடியது. தொடர்ந்து மின்சாரம் வரும் என்று காத்திருக்கிற ஒருவர் அந்த ஆட்டத்தைச் சோதனைக் கோளாறு என்று ஒதுக்கியிருப்பார். ஃபாரடே அதையே பிடித்துக்கொண்டு போனார். அக்டோபர் 17 அன்று, பேட்டரியே இல்லாமல், சட்டக் காந்தம் ஒன்றைக் காயிலுக்குள் நுழைத்தும் இழுத்தும் அதே ஆட்டத்தைக் கண்டார். உன் பி.வி.சி. குழாயில் நீ செய்துகொண்டிருப்பது அந்த அக்டோபர் சோதனைதான். விட்டுவிடாதே.

கேள்வி: பழைய சைக்கிளில் டைனமோவைச் சாய்த்தால் மிதிக்கக் கனக்கிறது. டயரில் உரசுவதால் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். பல்பைக் கழற்றிவிட்டால் லேசாகிவிடுகிறதே?
(சைக்கிள் கடைக்காரர், கும்பகோணம்)

நல்ல கவனிப்பு அண்ணா. உரசலும் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். பல்பு எரியும்போது கூடுகிற கனம் மட்டும் வேறு. டைனமோவுக்குள் காந்தம் சுற்றுகிறது, காயிலில் மின்சாரம் ஓடுகிறது, ஓடுகிற மின்சாரம் தானும் ஒரு காந்தமாகி, சுற்றுகிற காந்தத்தை எதிர்த்துப் பிடிக்கிறது. பிறந்த மின்சாரம் தன்னைப் பிறப்பித்த மாற்றத்தை எப்போதும் எதிர்க்கும் என்று 1834இல் சொன்னவர் ரஷ்யாவின் லென்ஸ். எதிர்க்காமல் உதவி செய்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஒரு தடவை மிதித்துவிட்டால் சைக்கிள் தானே வேகமெடுத்துக்கொண்டே போகும், விளக்கும் எரியும். அப்படி இலவசமாக எதுவும் கிடைக்காது. 6 வோல்ட், 3 வாட் பல்புக்கு உங்கள் கால்தான் கூலி கொடுக்கிறது.

பல்பைக் கழற்றினால் சர்க்யூட் அறுந்துபோகிறது. வோல்டேஜ் வரும், மின்சாரம் ஓடாது, எதிர்ப்பும் இருக்காது. இறக்கத்தில் வேகமாக இறங்கும்போது பல்பு ஃபியூஸ் போவதையும் பார்த்திருப்பீர்கள். மாற்றம் வேகமானால் வோல்ட் கூடும் என்று தர்மபுரிப் பெண்ணுக்குச் சொன்னதேதான்.

கேள்வி: இண்டக்ஷன் அடுப்பில் இரும்பு தோசைக்கல் நன்றாகக் காய்கிறது. அலுமினியச் சட்டியை ஏற்றுக்கொள்வதே இல்லை. எவர்சில்வரிலும் ஒன்று சூடாகிறது, இன்னொன்று ஆகவில்லை. அடுப்பு ரிப்பேரா?
(இல்லத்தரசி, மதுரை)

அடுப்பில் கோளாறு இல்லை அம்மா. கண்ணாடித் தட்டுக்கு அடியில் தட்டையாகச் சுற்றிய செம்புக் காயில் ஒன்று இருக்கிறது. அதில் வினாடிக்கு இருபதாயிரம் தடவைக்கு மேல் திசை மாறும் மின்சாரம் ஓடுகிறது. அத்தனை வேகமாக மாறும் காந்தப் புலத்தில் பாத்திரத்தின் அடிப்பாகமே ஒரு காயில்போல ஆகி, அதற்குள் சுழல் மின்னோட்டம் ஓடுகிறது. அந்த ஓட்டத்துக்கு உலோகம் கொடுக்கிற தடைதான் சூடாகிறது. அடுப்பு நெருப்பை உண்டாக்குவதே இல்லை, பாத்திரம்தான் அடுப்பு. தட்டில் கை வைத்தால் சுடுவது பாத்திரத்திலிருந்து திரும்பி வந்த சூடு.

அலுமினியத்திலும் மின்சாரம் பாயத்தான் செய்யும். தடை குறைவு என்பதால் சூடு பிறப்பதில்லை. இரும்பு விஷயம் வேறு. காந்தத்தைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும் உலோகம் அது. அந்தக் குணத்தால், இந்த வேகத்தில் மின்சாரம் இரும்பின் மேல் தோலில், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான ஆழத்துக்குள் நெருங்கி ஓட வேண்டியிருக்கிறது. அலுமினியத்தில் அது அரை மில்லிமீட்டர் வரை பரவி ஓடும். குறுகலான வழி, அதோடு இரும்புக்கே இயல்பாக உள்ள தடை, இரண்டும் சேர்ந்து அலுமினியத்தைப்போல இருபது மடங்குக்கு மேல் சூடு தருகின்றன. செம்பு, பித்தளை, ரசம் வைக்கிற ஈயச்சொம்பு எல்லாம் அலுமினியக் கட்சிதான்.

எவர்சில்வரில் பல ரகம் உண்டு. நிக்கல் கலந்த ரகத்தில் காந்தம் ஒட்டாது, அது இந்த அடுப்புக்குச் சரிவராது. பாத்திரக் கடைக்குப் போகும்போது ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்த பொம்மை ஒன்றை எடுத்துப் போங்கள். பாத்திரத்தின் அடியில் வைத்துப் பாருங்கள், கெட்டியாக ஒட்டினால் வாங்கலாம். பக்கவாட்டில் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. சில பாத்திரங்களில் அடித்தட்டு மட்டும் வேறு உலோகமாக இருக்கும்.

கேள்வி: ஒரு காந்தத்தை இரண்டாக உடைத்தால் வடதுருவம் தனியாகக் கிடைக்குமா?
(எட்டாம் வகுப்பு மாணவன், தஞ்சாவூர்)

கிடைக்காது தம்பி. இரண்டு முழுக் காந்தங்கள் கிடைக்கும், ஒவ்வொன்றுக்கும் வடக்கும் தெற்கும் இருக்கும். எத்தனை துண்டாக்கினாலும் இதே கதைதான். தனித் துருவத்தை விஞ்ஞானிகள் இன்றும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

கேள்வி: வடக்கே தலை வைத்துப் படுத்தால் பூமியின் காந்தம் ரத்தத்தில் உள்ள இரும்பை இழுக்கும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. உண்மையா?
(ஓய்வுபெற்ற தபால் ஊழியர், பாளையங்கோட்டை)

ஐயா, வடக்கே தலை வைப்பதில்லை என்பது வீட்டு வழக்கம் என்றால் அதை நான் தொடவே மாட்டேன். அதற்கு இயற்பியலைச் சாட்சிக்குக் கூப்பிடும்போதுதான் பேச வேண்டியிருக்கிறது. ரத்தத்தில் இருக்கும் இரும்பு ஆணி இரும்பு இல்லை. ஹீமோகுளோபினுக்குள் ஒவ்வோர் அணுவாகக் கட்டுண்டு கிடக்கிறது, காந்தத்தில் ஒட்டுகிற குணம் அதற்கு இல்லை. நம் ஊரில் பூமியின் காந்தப் புலம் ஏறக்குறைய 40 மைக்ரோ டெஸ்லா (டெஸ்லா என்பது காந்தப் புலத்தை அளக்கும் அலகு, மைக்ரோ என்றால் அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எந்திரத்தில் 1.5 டெஸ்லா, அதாவது முப்பத்தேழாயிரம் மடங்கு. அதற்குள் படுத்து எழுந்து வருகிறவரின் ரத்தம் ஒரு பக்கமாகப் போய்ச் சேர்ந்துவிடுவதில்லை.

உங்கள் ஊர்ப் பக்கத்தில் உண்மையிலேயே பெருமைப்பட ஒரு விஷயம் உண்டு. காந்த ஊசியை மேலும் கீழும் அசையும்படி தொங்கவிட்டால் லண்டனில் அது கிட்டத்தட்ட குத்துக்கு நிற்கிற மாதிரி 66 பாகைக்குச் சரியும். திருநெல்வேலியில் ஏறக்குறைய படுக்கை மட்டமாகவே நிற்கும். பூமியின் காந்த நடுக்கோடு நம் தென்முனையை ஒட்டிப் போவதே காரணம். அந்தக் கோட்டுக்கு மேலே சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் பகலில் பெரிய மின்னோட்டம் ஒன்று கிழக்கு நோக்கி ஓடுகிறது. அதை ஆராய வசதியான இடம் என்பதால்தான் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவைத் தேர்ந்தெடுத்து 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ராக்கெட்டை ஏவினார்கள். இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் திருநெல்வேலியிலேயே இருக்கிறது. பேரக்குழந்தைகளுக்கு வாட்ஸ்அப் சேதிக்குப் பதிலாக இதைச் சொல்லுங்கள் ஐயா.

கேள்வி: மூணு ஃபேஸ் கிணற்று மோட்டார். லோ வோல்டேஜ் நேரத்தில் போட்டால் சுற்றாமல் உறுமுகிறது. இரண்டு தடவை காயில் கருகி வைண்டிங் செலவு வந்துவிட்டது. சுற்றாத மோட்டார் எப்படிக் கருகும்?
(விவசாயி, உடுமலைப்பேட்டை)

சுற்றாததால்தான் கருகுகிறது அண்ணா. உங்கள் மோட்டாரின் ரோட்டரை, அதாவது உள்ளே சுற்றும் பாகத்தை, கழற்றிப் பாருங்கள், அதற்கு ஒயர் எதுவும் போகாது. வெளியே ஸ்டேட்டர் என்கிற அசையாத பாகத்தின் வைண்டிங்கில் உண்டாகும் காந்தப் புலம், இரண்டு துருவ மோட்டாரில் நிமிடத்துக்கு 3,000 தடவை சுற்றி வருகிறது. அது ரோட்டரைக் கடந்து போகும்போது ரோட்டரில் பதித்திருக்கும் உலோகப் பார்களில் மின்சாரம் பிறக்கிறது, அந்த மின்சாரம் ரோட்டரைப் புலத்தின் பின்னாலேயே இழுத்துக்கொண்டு ஓடுகிறது. ரோட்டர் 2,850, 2,900 சுற்றில் ஓடும். 3,000ஐ அதனால் எட்டவே முடியாது. எட்டிவிட்டால் புலமும் ரோட்டரும் ஒன்றாகவே சுற்றும், மாற்றம் இருக்காது, மின்சாரம் பிறக்காது, இழுவையும் நின்றுபோகும்.

ரோட்டர் ஓடும்போது அதற்குத் தெரிகிற மாற்றம் வினாடிக்கு இரண்டு மூன்று தடவைதான். நின்றுவிட்டால் வினாடிக்கு 50 தடவையும் முழுசாக அதன் மேல் விழுகிறது. மோட்டார் இழுக்கும் ஆம்பியர் ஐந்து ஆறு மடங்காகிவிடும். சூடு ஆம்பியரின் இருமடிப்படி கூடும் என்பதால் ஆறு மடங்கு ஆம்பியர் என்றால் 36 மடங்கு சூடு. ஓடாத மோட்டாரில் ஃபேன் காற்றும் கிடையாது, தண்ணீர் ஓட்டமும் கிடையாது. வார்னிஷ் வாடை உங்கள் மூக்குக்கு வருவதற்குள் வேலை முடிந்திருக்கும்.

லோ வோல்டேஜில் இழுவை, வோல்டேஜ் குறைவதைவிட மோசமாகக் குறையும். 415 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 300தான் வந்தால் இழுவை பாதியாகிவிடும், பம்பைத் தள்ள அதற்குத் தெம்பு இருக்காது. ஒரு ஃபேஸ் போய்விட்டாலும் இதே உறுமல்தான். அதனால் ஆம்பியர் மிஞ்சினால் மோட்டாரை அணைக்க ஸ்டார்ட்டரில் உள்ள ஓவர்லோட் ரிலே, மோட்டார் பெயர்ப்பலகையில் போட்டிருக்கும் ஆம்பியருக்கே செட் செய்யப்பட்டிருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். அடிக்கடி விழுகிறது என்று யாராவது அதைக் கூட்டி வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். ஒரு ஃபேஸ் போனால் தானே அணைக்கும் சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டரும் போட்டுக்கொள்ளுங்கள். வோல்ட் மீட்டர் 350க்குக் கீழே காட்டுகிற நேரத்தில் தண்ணீர் எவ்வளவு அவசரமானாலும் பட்டனை அமுக்காதீர்கள். உறுமல் கேட்டால் சுற்றுமா என்று நின்று பார்க்காமல் உடனே அணைத்துவிடுங்கள்.