இரசத்தோடு விளையாடுகிறாளா உங்கள் மகள்?

அன்புள்ள அம்மாவுக்கு,

போன சனிக்கிழமை வெள்ளவத்தையில், மகளின் இறுதி வருட இரசாயன ஆய்வு பற்றி ஆலோசனை கேட்டு நீங்கள் என் முன்னால் இருந்து சொன்னவற்றில் இரண்டு வசனங்கள் இன்னும் காதில் நிற்கின்றன. ஒன்று, "இரசத்தோட விளையாடப் போறாளாம் தம்பி." மற்றது, "தண்ணியில ஈயம் தேடுற படிப்புக்கு ஆர் வேலை குடுப்பினம்?" வெளியில் இன்னும் நாலு பேர் காத்திருந்ததால் அரைகுறையாகப் பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். இப்போது ஆறுதலாக எழுதுகிறேன்.

முதலில் இரசம், அதாவது பாதரசம். உங்கள் பயம் ஆதாரமில்லாதது அல்ல. 1922இல் பிராக் நகரில் யாரோஸ்லாவ் ஹெய்ரோவ்ஸ்கி, கரைசலில் இருப்பதை மின்னோட்டத்தைக் கொண்டு அளக்கும் இந்தத் துறையைத் தொடக்கியபோது, சொட்டுச் சொட்டாக விழும் இரசத்தையே மின்வாயாக, அதாவது கரைசலுக்குள் மின்னைக் கொண்டுபோகும் முனையாக வைத்தார். அதற்கு 1959இல் நோபல் பரிசும் கிடைத்தது. அதன் பிறகும் பல பத்தாண்டுகள் இரசம்தான். ஆனால் 2000ஆம் ஆண்டளவில் காபன் மேல் பிசுமது என்ற உலோகத்தை மெல்லிய படலமாகப் பூசிய மின்வாய்கள் வந்தன. பிசுமதுவின் நச்சுத்தன்மை மிகக் குறைவு. இரசத்தைக் குறைக்கச் சொல்லும் மினமாட்டா உடன்படிக்கை 2013இல் வந்த பிறகு, புதிதாகத் தொடங்குபவர்களில் பலர் பிசுமது பக்கம் போகிறார்கள். மகளிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "இரசமா, பிசுமதுவா?" பிசுமது என்றால் நிம்மதியாகத் தூங்கலாம். இரசம் என்றால் காற்றோட்டம், கழிவு அகற்றும் ஒழுங்கு இரண்டையும் பற்றி மேற்பார்வையாளரிடம் விசாரிக்கச் சொல்லுங்கள். விசாரித்தால் எந்த நல்ல ஆசிரியரும் கோபிக்க மாட்டார்.

சரி, அவள் அங்கே என்னதான் செய்கிறாள்? கரைசலுக்குள் மின்வாயை இறக்கி, மறை (எதிர்) மின்னழுத்தம் கொடுத்து, இரண்டு மூன்று நிமிடம் கலக்கிக்கொண்டே விடுகிறாள். நீரில் இருக்கும் ஈயம், கட்மியம் எல்லாம் இலத்திரனை வாங்கி உலோகமாகி மின்வாயில் படிகின்றன. பிறகு அழுத்தத்தை நேர்ப்பக்கமாக உயர்த்தும்போது நாகம் (சிங்க்) முதலில் கழன்று வரும், அப்புறம் கட்மியம், ஈயம், கடைசியாகச் செம்பு. உயர்தரத்தில் அவள் இரவிரவாகப் பாடமாக்கிய மின்னிரசாயனத் தொடர் இருக்கிறதல்லவா, அதே ஒழுங்கு. ஒவ்வொன்றும் கழலும்போது மின்னோட்டம் ஒரு தடவை எழுந்து விழும். எந்த இடத்தில் எழுந்தது என்பது உலோகத்தின் பெயரைச் சொல்லும், எவ்வளவு உயரம் என்பது அளவைச் சொல்லும். உண்டியலில் சிறுகச் சிறுகப் போட்டு ஒரே நாளில் உடைத்து எண்ணுவது மாதிரி. அதனால்தான் இவ்வளவு சிறிய அளவும் பிடிபடுகிறது.

எவ்வளவு சிறியது? குடிநீரில் ஈயத்துக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லீற்றருக்கு 10 மைக்ரோகிராம். உங்கள் மாடிவீட்டுக்கு மேலே இருக்கும் 1000 லீற்றர் தாங்கி போல நூறு தாங்கிகளை நிரப்பி, எல்லாவற்றிலும் சேர்த்து ஒரேயொரு கிராம் ஈயத்தைக் கரைத்தால் வரும் அளவு அது. கட்மியத்துக்கு இன்னும் குறைவு, 3 மைக்ரோகிராம்.

இந்த அளவில் வேலை செய்வதன் பாடு வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. படித்து முடித்த புதிதில் நான் இருந்த ஓர் ஆய்வுகூடத்தில், உலோகமே இருக்கக்கூடாத வெற்றுக் கரைசலில் நாகம் காட்டியது. அமிலத்தை மாற்றினோம், நீரை மாற்றினோம், போத்தல்களை நைத்திரிக்கமிலத்தில் ஊறப்போட்டுக் கழுவினோம். மூன்று கிழமை வீண். கடைசியில் பார்த்தால் குற்றவாளி ஓர் இறப்பர் மூடி! இறப்பரில் நாக ஒட்சைட்டு கலந்திருக்கும் என்பது புத்தகத்திலும் இருந்ததுதான். ஆனால் அந்த மூடியைப் பிடித்த நாள் முதல் எந்த எண்ணையும் நான் சும்மா நம்புவதில்லை. உங்கள் மகளுக்கு இந்த ஒரு வருடம் தரப்போவதும் அந்தச் சந்தேகத்தைத்தான். வேலைக்கு எடுப்பவர்கள் அதற்குத்தான் காசு கொடுக்கிறார்கள்.

ஆனாலும் ஒன்றை மறைக்க மாட்டேன். கொழும்பில் நீர், தேயிலை, வாசனைத் திரவியம், ஏற்றுமதி மீன் என்று உலோகம் பார்க்கும் ஆய்வுகூடங்களின் அன்றாடக் கருவி பெரும்பாலும் அவள் கையில் இருப்பது அல்ல. உலோக அணுக்கள் ஒளியை உறிஞ்சுவதைக் கொண்டு அளக்கும் அணு உறிஞ்சல் கருவியோ, பிளாஸ்மாவின் கடும் வெப்பத்தில் பல உலோகங்களை ஒன்றாக அளக்கும் இன்னும் பெரிய ஐசிபி கருவியோதான். பௌத்தாலோக மாவத்தையில் எங்கள் தலைமுறை சிசிர் என்று அழைத்த, இப்போதைய கைத்தொழில் தொழினுட்ப நிறுவகமாகட்டும், நீர் வழங்கல் சபையாகட்டும், தனியார் கூடங்களாகட்டும், நேர்முகத்தில் அதைத்தான் கேட்பார்கள். ஆகவே தன் மாதிரிகளில் பத்தையாவது அணு உறிஞ்சலிலும் அளந்து ஒப்பிட மேற்பார்வையாளரிடம் இப்போதே அனுமதி வாங்கச் சொல்லுங்கள். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்: ஆய்வும் பலப்படும், விண்ணப்பத்தில் எழுத இன்னொரு வரியும் கிடைக்கும். ஆய்வுகூடங்களின் திறமைக்கான ஐஎஸ்ஓ 17025 என்ற சர்வதேசத் தரத்தையும் வாசித்து வைக்கட்டும். ஆய்வுகூட வேலையில் அந்தப் பெயர் அடிக்கடி அடிபடும்.

அவளுடைய முறை வீணும் அல்ல. பெரிய கருவியைப் பட்டப்படிப்பு மாணவி தனியே தொடப் பெரும்பாலும் விடமாட்டார்கள், தொழினுட்ப உதவியாளர்தான் இயக்குவார். இந்தச் சிறிய பெட்டி அவள் கையிலேயே இருக்கும், பிழையும் அவளுடையதாகவே இருக்கும். இன்னொன்று, உங்கள் கணவர் சீனி வருத்தத்துக்கு விரலைக் குத்திப் பார்க்கிறாரே, அந்தக் குளுக்கோமீற்றரின் பட்டியிலும் மின்வாய்கள்தான், அங்கும் அளப்பது மின்னோட்டத்தைத்தான். மின்கலம், துருப்பிடித்தல், மருத்துவ உணரி எல்லாம் இதே குடும்பம். மேற்படிப்புக்கு வெளியே போக நினைத்தால் கதவுகள் அந்தப் பக்கமும் உண்டு.

கணவர் சொல்வது போல இறுதி வருடத்தில் இதை விட்டுவிட்டு மென்பொருள் வகுப்புக்குப் போவதை நான் ஏற்கவில்லை. தொடக்கச் சம்பளம் அங்கே கூடத்தான், மறுக்கவில்லை. ஆனால் மூன்று வருடப் படிப்பைக் கையில் வைத்துக்கொண்டே பைதன் என்ற கணினி மொழியைக் கற்கலாம். அவளுடைய வளைகோடுகளைக் கணக்கிடவே அது உதவும்.

சின்னவனைப் பற்றியும் கேட்டீர்கள். பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி கைகொடுக்காவிட்டால் இராஜகிரியவில் இலங்கை இரசாயன நிறுவகத்தின் நாலு வருடப் படிப்பு இருக்கிறது. கட்டணம் உண்டு, ஆங்கில மொழிமூலம். பெறுபேறு வந்த பிறகு பேசுவோம்.

வருகிற சனிக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். சான்றிதழ்க் கோப்பு வேண்டாம், அவளுடைய ஆய்வுக் குறிப்பேட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். வெற்றுக் கரைசலில் அவளுக்கு என்ன வந்தது என்று நான் பார்க்க வேண்டும்.