கம்ப்யூட்டர் 5.1 ஸ்பீக்கரை ஹோம் தியேட்டர் ஆக்கலாமா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கம்ப்யூட்டருக்கு வாங்கிய 5.1 ஸ்பீக்கர் செட் சும்மா கிடக்கிறது. பச்சை, ஆரஞ்சு, கறுப்பு என மூன்று பின்கள். டிவியில் இருப்பதோ ஒரே ஒரு ஹெட்போன் சாக்கெட். ஸ்ப்ளிட்டர் போட்டு மூன்றையும் அதில் செருகினேன். எல்லா ஸ்பீக்கரிலும் சத்தம் வருகிறது, ஆனால் சரவுண்ட் இல்லை. ஏன்?

பதில்: ஹெட்போன் சாக்கெட்டில் வருவது இடது, வலது என்று இரண்டே சேனல்தான். ஸ்ப்ளிட்டர் அந்த இரண்டையே மூன்று பின்களுக்கும் பங்கு போடுகிறது. அதனால் முன்னால் கேட்பதே பின்னாலும் கேட்கிறது. இன்னொரு கேடும் உண்டு. ஆரஞ்சு பின்னின் நுனி சென்டருக்கு (வசனம் வரும் நடு ஸ்பீக்கர்), அடுத்த வளையம் சப்வூஃபருக்கு (கனத்த பேஸ் ஒலி தரும் பெட்டி). ஸ்ப்ளிட்டர் வழியாக வந்தால் இடது சேனல் மட்டும் சென்டருக்கும், வலது சேனல் மட்டும் சப்வூஃபருக்கும் போகும்.

உங்கள் செட்டில் குறை இல்லை. பச்சை முன் இடது வலது, கறுப்பு பின் இடது வலது, ஆரஞ்சு சென்டரும் சப்வூஃபரும் என ஆறு சேனலையும் தனித்தனியாக வாங்கிக்கொள்ள அது தயாராகவே இருக்கிறது. பிரித்துக் கொடுக்கத்தான் ஆள் இல்லை. டிவியின் ஆப்டிகல் சாக்கெட்டில் ஆறு சேனலும் டால்பி டிஜிட்டலாகச் சுருங்கி ஒரே கேபிளில் வருகின்றன. அதை விரித்துத் தருவது 5.1 டிகோடர் பெட்டி. முக்கியமாகச் செலவு செய்ய வேண்டிய இடம் இதுதான்.

வாங்கும்போது பெட்டியின் பின்புறத்தைப் பாருங்கள். ஆறு ஆர்சிஏ சாக்கெட் (சேனலுக்கு ஒன்றாக உள்ள வட்டச் சாக்கெட்) அல்லது மூன்று 3.5 மி.மீ. சாக்கெட் இருக்க வேண்டும். சிவப்பு, வெள்ளை என்று இரண்டே சாக்கெட் இருந்தால் அது பெரும்பாலும் சாதாரண ஸ்டீரியோ கன்வர்ட்டர். அதற்கு டால்பி சிக்னலைக் கொடுத்தால் ஒன்று மௌனம், இல்லையென்றால் கரகரப்பு. டால்பி டிஜிட்டல், அதைப் போன்ற இன்னொரு சரவுண்ட் முறையான டிடிஎஸ் இரண்டையும் டிகோட் செய்யும் என்று எழுதியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஆர்சிஏ உள்ள பெட்டி என்றால், ஒரு முனையில் 3.5 மி.மீ. சாக்கெட்டும் மறுமுனையில் இரண்டு ஆர்சிஏ பின்னும் கொண்ட வயர் மூன்று தேவை. அவசரத்தில் இரு முனையிலும் பின் உள்ள வயரை வாங்கிவிட்டால், ஸ்பீக்கரின் பின்னோடு சேராது.

கேள்வி: டிகோடர் மாட்டியாகிவிட்டது. ஆனால் முன் ஸ்பீக்கர் இரண்டும் சப்வூஃபரும் மட்டுமே வேலை செய்கின்றன. பெட்டியில் ‘பிசிஎம்’ விளக்கு எரிகிறது.

பதில்: அந்த விளக்கே காரணத்தைச் சொல்லிவிட்டது. பிசிஎம் என்பது சுருக்காத ஒலி, ஆப்டிகலில் அது இரண்டு சேனல்தான் போகும். அதனால் டிவி ஸ்டீரியோவாகக் குறைத்து அனுப்புகிறது. டிவியின் சவுண்ட் செட்டிங்கில் டிஜிட்டல் ஆடியோ அவுட்புட் என்ற இடத்தில் பிசிஎம் என்றிருப்பதை டால்பி டிஜிட்டல், பிட்ஸ்ட்ரீம் அல்லது ஆட்டோ என்று மாற்றுங்கள். செட்டாப் பாக்ஸ், ஸ்ட்ரீமிங் ஸ்டிக் இருந்தால் அவற்றிலும் இதே மாற்றம் வேண்டும். சங்கிலியில் ஒரு கருவி பிசிஎம்மில் நின்றாலும் போதும், கடைசியில் இரண்டு சேனல்தான் வந்து சேரும்.

அப்படியும் வராவிட்டால் நிகழ்ச்சியைச் சந்தேகியுங்கள். டிவி சேனல்களில் வரும் பல நிகழ்ச்சிகள் ஸ்டீரியோவில்தான் இருக்கின்றன. ஸ்ட்ரீமிங்கில் பரவலாக உள்ள டால்பி டிஜிட்டல் பிளஸ் ஆப்டிகல் வழியாகப் போகாது. டிவிதான் அதைச் சாதாரண டால்பி டிஜிட்டலாக மாற்றித் தர வேண்டும். மாற்றத் தெரியாத டிவி ஸ்டீரியோவுக்கு இறங்கிவிடும். அந்த நிலையில், டிவியின் ஏஆர்சி (ஒலியை வெளியே அனுப்பும் ஹெச்டிஎம்ஐ) சாக்கெட்டில் மாட்டி, டால்பி டிஜிட்டல் பிளஸ்ஸையும் டிகோட் செய்யும் பெட்டி ஒரு வழி.

கேள்வி: வசனம் சப்வூஃபரிலிருந்து முனகலாக வருகிறது. சென்டரில் குரலே இல்லை.

பதில்: சில நிறுவனங்கள் ஆரஞ்சு பின்னில் சென்டரையும் சப்வூஃபரையும் இடம் மாற்றி வைத்திருக்கின்றன. டிகோடரில் அந்த இரண்டு ஆர்சிஏ பின்களை ஒன்றுக்கொன்று மாற்றிச் செருகுங்கள். கம்ப்யூட்டரிலிருந்து நேராகக் கொடுப்பவர்களுக்கு, சவுண்ட் டிரைவரின் கன்ட்ரோல் பேனலில் சென்டர் – சப்வூஃபர் மாற்றும் வசதி பலவற்றில் உண்டு.

கேள்வி: வெடிச் சத்தம் வீட்டையே அதிர வைக்கிறது, வசனம் காதில் விழுவதில்லை. பின் ஸ்பீக்கர்களும் தனியாகக் கத்துகின்றன. எப்படிச் சரிசெய்வது?

பதில்: இந்த வகை செட்டுகளில் அதிகம் கெடுவது இங்கேதான். கொஞ்சம் பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை.

முதலில் இடம். முன் இடது, வலது ஸ்பீக்கர்கள் உட்காரும் இடத்திலிருந்து நடுக்கோட்டுக்கு இருபுறமும் 30 டிகிரியில் இருக்கட்டும். பின் ஸ்பீக்கர்கள் 110 டிகிரி அளவில், அதாவது காதுக்குச் சற்றுப் பின்னால், காதைவிட ஒன்றிரண்டு அடி உயரத்தில். சென்டர் டிவிக்கு நேர் கீழே, முகத்தைப் பார்த்துச் சற்று நிமிர்ந்து. அதை அலமாரிக்குள் உள்ளே தள்ளி வைத்தால் வசனத்தின் தெளிவு போய்விடும், விளிம்போடு நிறுத்துங்கள்.

சப்வூஃபரை ஹோம் தியேட்டர் புத்தகங்கள் சொல்வதுபோல் அறையில் எங்கு வேண்டுமானாலும் வைக்கக் கூடாது. பெரிய செட்டுகளில் சப்வூஃபர் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் வேலை செய்வதால், சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காதுக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் செட்டில் மூன்று அங்குலத்துக்கும் சிறிய ஸ்பீக்கர்கள் 150, 200 ஹெர்ட்ஸிலேயே தளர்ந்துவிடுகின்றன. அதற்குக் கீழே உள்ளதையெல்லாம் சப்வூஃபர்தான் சுமக்கிறது. ஆண் குரலின் அடிப்பகுதியும் அதில் அடக்கம். ஆகவே சப்வூஃபர் முன்பக்கம், சென்டருக்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். சுவர் மூலையில் வைத்தால் பேஸ் வீங்கி, ஆண் குரல் குடத்துக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கும். மூலையிலிருந்து இரண்டு மூன்று அடி நகர்த்தினாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

அடுத்தது அளவு. டிகோடரில் டெஸ்ட் டோன் இருந்தால் அதை ஓட்டுங்கள், இல்லையென்றால் 5.1 டெஸ்ட் வீடியோ போதும். உட்காரும் இடத்தில் காது உயரத்தில் போனைப் பிடித்து, ஒலி அளக்கும் ஆப்பில் ஒவ்வொரு ஸ்பீக்கரையும் பாருங்கள். ஐந்தும் ஒரே டெசிபலுக்கு வரும்வரை சென்டர், ரியர் குமிழ்களைத் திருப்புங்கள். போன் மைக் துல்லியமானதல்ல, ஆனால் ஒன்றோடொன்று ஒப்பிட அது போதும். சப்வூஃபரை மட்டும் போனை நம்பி வைக்காதீர்கள். செய்தி வாசிப்பவரின் குரலைக் கேட்டு, இரைச்சல் அடங்கும்வரை குறையுங்கள்.

பின் ஸ்பீக்கர் தனியாகக் கத்துவதற்கு நேரமும் ஒரு காரணம். ஒலி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 34 செ.மீ. கடக்கும். முன் ஸ்பீக்கர் 3 மீட்டரிலும் பின் ஸ்பீக்கர் 1 மீட்டரிலும் இருந்தால், பின்னால் உள்ளது கிட்டத்தட்ட 6 மில்லிசெகண்ட் முந்திக்கொள்ளும். எது முதலில் வருகிறதோ அதன் பக்கமே காது திரும்பும். டிகோடரில் ஒலியைத் தாமதப்படுத்தும் டிலே வசதி இருந்தால் பின் ஸ்பீக்கருக்கு 6 மில்லிசெகண்ட் கொடுங்கள். இல்லாவிட்டால் ஸ்பீக்கரைக் காதை நோக்காமல் சுவரை நோக்கித் திருப்பி வையுங்கள்.

கேள்வி: பின் ஸ்பீக்கர் வயர் எட்டவில்லை. 10 மீட்டர் நீட்டலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் கையில் கிடைத்த மெல்லிய வயர் வேண்டாம். போக, வர 20 மீட்டர் செம்பு என்று கணக்கிட வேண்டும். 0.2 சதுர மி.மீ. வயரில் தடை சுமார் 1.7 ஓம். ஸ்பீக்கர் 4 ஓம் என்றால் 3 டெசிபல் வயரிலேயே போய்விடும். 1 சதுர மி.மீ. வயரில் தடை 0.35 ஓமுக்குள் நின்றுவிடும். இழப்பு காதுக்குத் தெரியாது. ஒட்டும்போது கோடு போட்ட இழையைக் கோடு போட்டதோடு சேருங்கள். ஒரு பக்கம் மாறினால் பின்னால் வரும் ஒலி மெலிந்து, எங்கிருந்து வருகிறது என்றே பிடிபடாது.

கேள்வி: படம் நின்றபோதும் ‘ம்ம்ம்’ என்று இரைச்சல் வருகிறது.

பதில்: பெரும்பாலும் கிரவுண்ட் லூப், அதாவது கருவிகள் வெவ்வேறு வழிகளில் எர்த்தாகி, இடையே சிறு மின்னோட்டம் சுற்றுவது. டிவி, டிகோடர், ஸ்பீக்கர் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகுங்கள். பிறகு டிவியின் ஆன்டெனா அல்லது கேபிள் வயரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால், அது அந்த வயர் வழியாகத்தான் வந்திருக்கிறது. ஆப்டிகல் கேபிளில் மின் தொடர்பே இல்லாததால், ஹெச்டிஎம்ஐக்குப் பதில் அதைப் பயன்படுத்தினாலும் பல நேரம் அடங்கிவிடும். எர்த் பின்னை மட்டும் ஒருபோதும் வெட்டாதீர்கள், உயிருக்கு ஆபத்து.

கேள்வி: பின்னாளில் ஏவி ரிசீவர் (டிகோடரும் ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்த பெட்டி) வாங்கினால் இந்த ஸ்பீக்கர்கள் பயன்படுமா?

பதில்: ஸ்பீக்கரின் முதுகில் எத்தனை ஓம் என்று பாருங்கள். 4 ஓம் என்றால், அதை அனுமதிக்கும் ரிசீவராக இருக்க வேண்டும். ரிசீவரில் ஸ்பீக்கர் அளவை ‘ஸ்மால்’ என்று வைத்து, கிராஸ்ஓவரை (எந்த அளவுக்குக் கீழே உள்ள ஒலி சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்ற எல்லை) 150 ஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேல் வையுங்கள். சப்வூஃபர் பெட்டிக்குள்ளேயே ஆம்ப்ளிஃபயர் இருப்பதால், அதற்கு ரிசீவரின் சப் அவுட்டிலிருந்து ஆரஞ்சு பின்னின் சப்வூஃபர் பக்கத்துக்கு மட்டும் சிக்னல் கொடுங்கள். ரிசீவரின் ஸ்பீக்கர் டெர்மினலிலிருந்து அந்தப் பின்களுக்கு நேராக வயர் இழுத்தால், உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபயர் கெட்டுவிடக்கூடும்.