ஒரே கம்ப்யூட்டர், மூணு பேரு, தினமும் செட்டிங்ஸ் மாறுது: பதில்

அண்ணே, தங்கச்சிமடம் ஐஸ் கம்பெனி ஆபீஸ்ல ஒரே வின்டோஸ் 10 சிஸ்டத்த மூணு பேரும் ஒரே லாகின்ல யூஸ் பண்றீங்க, ஒருத்தர் தமிழ் 99 கீபோர்டு, ஒருத்தர் ஃபோனெட்டிக் (இங்கிலீஷ் எழுத்துல அடிச்சா தமிழ் வர்ற கீபோர்டு), போதாததுக்கு எக்ஸெல்ல தேதி முன்ன பின்ன மாறுதுன்னு கேட்டிருந்தீங்க. எக்ஸெல்ல குத்தமே இல்லண்ணே, அது வின்டோஸ்ல இருக்க ரீஜன் செட்டிங்க, அதாவது எந்த நாட்டு முறைங்கிறத பார்த்துதான் தேதிய காட்டும், யாரோ அத அமெரிக்கான்னு மாத்தி வச்சிருப்பாங்க, அப்ப ஜூன் 5ன்னு நெனச்சு 5/6ன்னு அடிச்சா மே 6 ஆயிரும், மீன்பிடி போட்டுக்காரங்க பாக்கி கணக்குல இது பெரிய வம்பு.

கீபோர்டு, ரீஜன், வால்பேப்பர், பிரவுசர் பாஸ்வேர்டு எல்லாமே யூசர் அக்கவுன்ட்டோட ஒட்டுனது. அதனால செட்டிங்ஸ்ல அக்கவுன்ட்ஸ் போயி ஆளுக்கொரு லோக்கல் அக்கவுன்ட் போட்டுருங்க, மைக்ரோசாஃப்ட் மெயில் ஐடி தேவையில்ல. அட்மின், அதாவது எல்லாத்தையும் மாத்துற அதிகாரம், உங்க ஒருத்தர்கிட்ட மட்டும் இருக்கட்டும், மத்தவங்களுக்கு ஸ்டாண்டர்டு (சாதா அக்கவுன்ட்) போதும், கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும்.

பொதுவான பில் ஃபைலெல்லாம் சி டிரைவ்ல யூசர்ஸ்குள்ள பப்ளிக்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், அதுல போடுங்க, மூணு பேருக்கும் தெரியும். சாஃப்ட்வேர் ஏத்தும்போது எல்லா யூசருக்குமான்னு கேட்டா ஆமான்னு குடுங்க, இல்லன்னா உங்க லாகின்ல மட்டும்தான் வரும்.

அப்புறம் ஆள் மாறும்போது ஸ்விட்ச் யூசர் குடுத்துட்டு போறது வேணாம், சைன் அவுட் பண்ணச் சொல்லுங்க. ஸ்விட்ச்ல முந்தின ஆளோட ஃபைல் திறந்தேதான் கெடக்கும், கரண்ட் போச்சுன்னா சேவ் பண்ணாதது போச்சு, நம்ம பக்கம் கரண்ட் பத்தி உங்களுக்கு நான் சொல்லணுமா. யூபிஎஸ் இருக்கா?