தோட்டத்துக்கு வேதாகமம் அனுப்புமுன்

கேள்வி: கொழும்பிலுள்ள எங்கள் சபையார், மலையகத்து மஸ்கெலியாப் பக்கத் தேயிலைத் தோட்டங்களுக்கு நூறு வேதாகமங்கள் கொடுக்கவும் அங்குள்ள ஊழியத்தைத் தாங்கவும் விரும்புகிறோம். எப்படித் தொடங்குவது?

பதில்: நூறு என்று இப்போதே முடிவுகட்ட வேண்டாம். அந்தத் தோட்டத்துப் போதகரிடமோ, அவருக்குத் துணையாக ஊழியம் செய்யும் உபதேசியாரிடமோ சொல்லி, லயம் லயமாக (லயம் என்பது தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகள்) பட்டியல் எடுங்கள்: வேண்டுமென்று கேட்டவர் யார், என்ன வயது, எந்தச் சபை, எந்த மொழியில் வாசிப்பார்.

பட்டியல் இல்லாமல் வாங்கினால் முதலில் தவறுவது மொழிபெயர்ப்பில்தான். கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு 73 நூல்கள் கொண்ட திருவிவிலியம் வேண்டும். மற்றச் சபைகளில் பெரும்பாலும் 66 நூல்கள் கொண்ட பழைய மொழிபெயர்ப்பே புழக்கம். போதகர் ஆதியாகமம் என்கையில் கையிலிருப்பதில் தொடக்கநூல் என்றிருந்தால், புதிதாக வாசிப்பவர் திணறிப்போவார். சிங்களத்தில் படித்த பிள்ளைகளுக்குச் சிங்கள வேதாகமமே உதவும். ஐம்பதைத் தாண்டியவர்களுக்குப் பெரிய எழுத்து. காம்பிராவில், அதாவது லயத்து அறையில், மாலையில் ஒற்றை பல்பு வெளிச்சம்தான். வாசிக்கத் தெரியாத முதியவர்களுக்கு ஒலி வேதாகமத்தை மெமரி கார்டில் பதிந்து கொடுங்கள். பள்ளத்து லயங்களில் சிக்னலை நம்ப முடியாது.

இலங்கை வேதாகமச் சங்கம் 1812இல் தொடங்கியது; கொழும்பிலேயே இருக்கிறது. அங்கே வாங்குங்கள். சென்னையிலிருந்து பார்சல் எடுத்தால் கூலியும் சுங்கத் தாமதமும் சேரும்.

மலையில் புத்தகத்துக்கு எதிரி ஈரம். வேதாகமத் தாள் மிக மெல்லியது. ஈரம் இழுத்தால் நெளிந்து ஒன்றோடொன்று ஒட்டும், ரெக்சின் அட்டையில் பூஞ்சணம் பூக்கும். ஒவ்வொரு பிரதிக்கும் ஜிப் வைத்த பொலித்தீன் உறை கொடுங்கள். சுவரோடு சாய்த்து வைக்க வேண்டாம் என்றும், நனைந்தால் நிழலில் விரித்துக் காற்றாட விடவேண்டும் என்றும் சொல்லுங்கள். வெயிலில் போட்டால் அட்டை வளைந்து முதுகுப் பசை விட்டுவிடும். மே முதல் செப்டம்பர் வரை அந்தப் பக்கம் தென்மேல் பருவமழை. ஜனவரி முதல் மார்ச் வரை போவது நல்லது. பெட்டிக்குப் பதினைந்து பிரதிகளுக்கு மேல் கட்டாதீர்கள். பஸ் நிற்கும் இடத்திலிருந்து தோட்டத்தின் மேல் டிவிசனுக்கு (பிரிவுக்கு) அது தோளில்தான் ஏறவேண்டும்.

தோட்டத்துரையிடம் (தோட்ட நிர்வாகியிடம்) முன்கூட்டியே அனுமதி கேளுங்கள், தொழிற்சங்கத் தலைவர்மாருக்கும் சொல்லுங்கள். கொழுந்தெடுப்பவர்களுக்கு ஞாயிறு பிற்பகல்தான் ஓய்வு. அரிசி, பாய், பாடக் கொப்பி எதையும் வேதாகமத்தோடு சேர்த்துக் கொடுக்கவே கூடாது. சிறுபிள்ளைகளுக்குத் தாய் தகப்பன் சம்மதமில்லாமல் கொடுக்கவும் கூடாது. சாமான் கொடுத்து மதம் மாற்றுகிறார்கள் என்ற பேச்சு எழுந்தால், நீங்கள் பஸ் ஏறிவிடுவீர்கள். அதைச் சுமப்பவர் அங்கேயே குடியிருக்கும் உபதேசியார்.

உண்மையில் நீங்கள் தாங்கவேண்டியது அவரைத்தான். தோட்டத் தொழிலாளருக்காக 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன், திருநெல்வேலி உபதேசியார்கள் தோட்டம் தோட்டமாக நடந்ததால்தான் வேரூன்றியது. இன்றும் அவருக்கு பஸ் காசு, போன் செலவு, ஞாயிறு பாடசாலைக்கான பொருட்கள் மாதாமாதம் தேவை. சபைக் கணக்கு வழியாக, ரசீதோடு அனுப்புங்கள். ஓராண்டுக்கான தொகை கைவசம் சேர்ந்த பிறகே வாக்குக் கொடுங்கள். நான்காம் மாதம் நின்றுபோனால், தூரத்து லயங்களுக்குப் போவதைத்தான் அவர் முதலில் குறைப்பார்.