யூத அமைப்புகளும் அமெரிக்கச் சட்டங்களும்: கேட்டீர்கள், சொல்கிறேன்

இந்த வாரம் பதில் சொல்ல என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். நான் யூதன் இல்லை. அமெரிக்க மதச் சுதந்திர வழக்குகளைப் பல வருடமாகப் படிப்பவன், அவ்வளவுதான். காஸா பற்றி வந்த கேள்விகளை ஒதுக்கிவிட்டேன். அது வேறு நாளுக்கு.

சார், யூத லாபி என்றால் ஏஐபேக்தானே?

இல்லை. ஏஐபேக் வேலை செய்வது அமெரிக்க - இஸ்ரேல் உறவுக்காக. பள்ளியில் பிரார்த்தனை, சனிக்கிழமை விடுப்பு, குடியேற்றம் போன்ற உள்நாட்டு விஷயங்களுக்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். ரஷ்யாவில் யூதர்கள் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து 1906-ல் பிறந்தது அமெரிக்கன் ஜூயிஷ் கமிட்டி. 1913-ல் வந்தது ஆன்டி டிஃபமேஷன் லீக். சீர்திருத்தப் பிரிவினருக்கு வாஷிங்டனில் ரிலிஜியஸ் ஆக்‌ஷன் சென்டர். 1964 சிவில் உரிமைச் சட்டத்தின் சில பகுதிகள் அந்தக் கட்டடத்தின் கூட்ட அறையில்தான் எழுதப்பட்டன. ஆசாரப் பிரிவினருக்கு ஆர்த்தடாக்ஸ் யூனியன், அகுதாத் இஸ்ரேல்.

இத்தனை அமைப்பா! எல்லோரும் சேர்ந்துதான் முடிவெடுப்பார்களா அண்ணா?

நீங்கள் வேற! கிரியாஸ் ஜோயல் வழக்கைப் பாருங்கள். நியூயார்க் மாநிலத்தில் சட்மார் ஹசிடிக் யூதர்கள் (மிகக் கடுமையான ஆசாரப் பிரிவினர்) மட்டுமே வாழும் கிராமம் அது. மற்ற பிள்ளைகள் மதப் பள்ளியில் படித்தார்கள். சிறப்புக் கவனம் தேவைப்பட்ட பிள்ளைகளுக்கு மட்டும் அரசு ஆசிரியர்கள் வந்து கற்பித்தார்கள். அரசு ஆசிரியர்கள் மதப் பள்ளிக்குள் வந்து கற்பிக்கக் கூடாது என்று 1985-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளால் அது நின்றுபோனது. வெளிப் பள்ளிக்குப் போன பிள்ளைகள் மிரண்டு போனதாகப் பெற்றோர் சொல்லி நிறுத்திவிட்டார்கள். 1989-ல் மாநில சட்டமன்றம் அந்தக் கிராமத்துக்கென்றே தனிப் பள்ளி மாவட்டம் (அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகப் பகுதி) உருவாக்கியது. 1994-ல் உச்ச நீதிமன்றம் 6-3 என்று அதைச் செல்லாது என்றது.

வேடிக்கை என்னவென்றால், மாவட்டம் வேண்டும் என்று அகுதாத் இஸ்ரேல் மனு போட்டது. கூடாது என்று அமெரிக்கன் ஜூயிஷ் காங்கிரஸ் என்ற இன்னொரு யூத அமைப்பு மனு போட்டது. காரணம் புரிகிறதா? ஒரு தரப்புக்குத் தன் பள்ளி பிழைக்க வேண்டும். மறு தரப்புக்கு, அரசும் மதமும் ஒட்டிக்கொண்டால் கடைசியில் ஆட்சி செய்வது பெரும்பான்மை மதமாகத்தான் இருக்கும் என்ற பயம். எனக்கு இரண்டாவது தரப்பின் பயம்தான் நியாயமாகப் படுகிறது. ஆனால் அந்தப் பிள்ளைகளின் பெற்றோரிடம் அதைச் சொல்ல எனக்கு நா எழாது.

நீதிமன்றத்தில் தோற்றால் கதை முடிந்ததா?

அங்கேதான் காங்கிரஸ் வருகிறது (நம்மூர்க் கட்சி இல்லை, அவர்களுடைய நாடாளுமன்றம்). சிம்கா கோல்ட்மன் விமானப்படையில் உளவியலாளர், ஆர்த்தடாக்ஸ் யூதர், சீருடையோடு கிப்பா என்ற யூதத் தொப்பி அணிபவர். வருடக்கணக்கில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. 1981-ல் ஒரு ராணுவ விசாரணையில் குற்றம் சாட்டப்பட்டவர் தரப்புக்காகச் சாட்சி சொன்னார்; உடனே அந்தக் குட்டித் தொப்பி மேல் புகார் வந்தது. 1986-ல் உச்ச நீதிமன்றத்தில் 5-4 என்று தோற்றார். அடுத்த வருடமே காங்கிரஸ் சட்டம் போட்டது: அடக்கமான, பணிக்கு இடைஞ்சல் இல்லாத மத உடையைச் சீருடையோடு அணியலாம். தீர்ப்பில் நீதிபதி ஸ்டீவன்ஸ், கிப்பாவுக்கு விலக்கு தந்தால் சீக்கியருக்கு என்ன பதில் என்று யோசித்திருப்பார். அந்தச் சட்டம் வந்தும் தலைப்பாகைக்காரர்கள் பல வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது.

1990-ல் இன்னொரு தீர்ப்பு மதச் சுதந்திரப் பாதுகாப்பைக் குறைத்தது. அதை மீட்கச் சட்டம் வேண்டும் என்று அப்போது ஆர்த்தடாக்ஸ், சீர்திருத்த யூதர்கள், பாப்டிஸ்டுகள், சிவில் உரிமைக்காரர்கள் என எலியும் பூனையும் ஒரே அணியில் நின்றார்கள். கருக்கலைப்பு வாதத்துக்கும் இது உதவுமோ என்று கத்தோலிக்க ஆயர்கள் தயங்கியதில் மசோதா இழுபட்டது. 1993-ல் செனட்டில் 97-3 என்று நிறைவேறியது. சின்னச் சமூகம் ஜெயிப்பது பெரும்பாலும் இப்படி ஊரைக் கூட்டித்தான்.

வரிவிலக்கு வாங்கிக்கொண்டு அரசியல் செய்யலாமா?

மசோதாவை ஆதரித்துப் பேசலாம், ஆனால் அது அமைப்பின் வேலையில் ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும். வேட்பாளருக்கு ஓட்டு கேட்கக் கூடாது. நன்கொடைக்கு வரிச்சலுகை உண்டு என்பதால் இந்தக் கட்டு.

யூத ஜெபக்கூடங்களுக்கு அரசே காவல் பணம் தருகிறதாமே?

ஆம். 2005-ல் 2.5 கோடி டாலரில் தொடங்கிய மானியம் 2023-ல் 30.5 கோடியானது. 2018-ல் பிட்ஸ்பர்க் ஜெபக்கூடத்தில் 11 பேர் கொல்லப்பட்ட பிறகு யாராலும் வேண்டாமென்று சொல்ல முடியவில்லை. மசூதி, தேவாலயம், கோயில் எல்லாம் விண்ணப்பிக்கலாம்.

யூத வெறுப்புச் சட்டம் ஒன்று மாட்டிக்கொண்டு நிற்கிறதே?

2024 மே மாதம் கீழவையில் 320-91 என்று நிறைவேறியது. செனட்டில் அப்படியே தங்கிவிட்டது. யூத வெறுப்பு என்றால் என்ன என்று அந்த மசோதா எடுத்துக்கொண்ட வரையறையை எழுதியவர்களில் முக்கியமானவர் கென்னத் ஸ்டெர்ன். பல்கலைக்கழகப் பேச்சைத் தண்டிக்க அதைப் பயன்படுத்தாதீர்கள் என்று சொல்பவரும் அவரேதான். நான் அவர் பக்கம்.

இந்தியாவில் யூதர்களுக்கு இப்படி ஏதாவது?

மகாராஷ்டிரா 2016-லும் குஜராத் 2018-லும் சிறுபான்மை அந்தஸ்து கொடுத்தன. மத்திய அரசின் பட்டியலில் ஆறு மதங்கள் இருக்கின்றன, யூத மதம் அதில் இல்லை.